நான்காவது போத்தல்

குண்டசாலை
16.01.2024

கிளாஸ்கோ நகரத்துக் குளிரை ஒற்றை ஜாக்கெட்டோடு எதிர்த்து நிற்கும் அன்பு மருமகன் தினேசுக்கு, மாமா சுந்தரலிங்கம் ஆசி கூறி எழுதுவது. நேரத்துக்குச் சோறு தின்கிறாயா, காலுக்கு மேஸ் போடுகிறாயா என்று அறிய ஆவல். இங்கே உன் அத்தை கஜலட்சுமி சுகம். பூனை சுகம். பலாமரம் சுகம். வாசலில் இருக்கும் தண்ணி மீட்டர் பரம சுகம்.

‘கைக்கெட்டும் விஸ்கி’ என்ற உன் இணையப் பக்கத்துக்குக் கண்டி மாநகரப் பிரதிநிதியாக என்னை நியமித்த செய்தி கிடைத்தது. ஏழைபாழைகள் வாங்கக்கூடிய பன்னிரண்டு விஸ்கிகளை நான் ருசி பார்த்து எழுதவேண்டும் என்கிறாய். மாநகரசபையில் முப்பத்துநான்கு வருஷம் தண்ணி மீட்டர் வாசித்தவனுக்கு இது பதவி உயர்வு. தண்ணியிலிருந்து தண்ணிக்கு. விமர்சனங்கள் தபாலில்தான் வரும். போனில் கூப்பிடாதே. அந்தச் சனியன் என் குரலின் கம்பீரத்தை நசுக்குகிறது.

நீ சொன்ன முறைப்படியே செய்தேன். ஒரு மிடறு, நாக்கின் மேல் ஒரு நிமிஷம், அப்புறம் விழுங்குவது.

முதல் போத்தல்: கர்னல் டன்பார்.
நிறம்: ஓய்வுபெற்ற கங்காணியின் பல்.
மணம்: மூடியைத் திறந்ததும் பலாமரத்துக் காகம் இடமாற்றம் கேட்டு மனுப் போட்டது.
சுவை: பல்லேகல மைதானத்தின் அத்தனை விளக்கையும் வயிற்றுக்குள் ஒரே நேரத்தில் போட்டதுபோல். என் முப்பாட்டனார் எழுந்து நின்று சலாம் வைத்தார்.
புள்ளி: பத்துக்கு நான்கு. அதுவும் கர்னலின் பதவிக்காக.

போத்தல் வாங்கப் போனது பாரூக்கின் ஆட்டோவில். வைன் ஸ்டோருக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டு, “சுந்தரலிங்கம் அண்ணே, ஹராமான சாமானுக்கு நான் மீட்டர் போடமாட்டன். சும்மா ஏத்திக்கிட்டு போறன்” என்றார். நல்ல மனுஷன்.

இப்படிக்கு,
சுவை மகா சக்கரவர்த்தி, மீட்டர் குல திலகம்,
சுந்தரலிங்கம்


கிளாஸ்கோ
07.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஆசியால் நான் சுகம். மேஸ் போடுகிறேன், இரண்டு சோடி. கர்னல் டன்பாரை என் இணையப் பக்கத்தில் போட்டேன். இருநூற்றுச் சொச்சம் பேர்தான் படிக்கிறார்கள், ஆனால் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நினைத்து நினைத்துச் சிரித்து ஒரு கிழவரின் மடியில் சூப்பைக் கொட்டினேன்.

மாமா, நீங்கள் எழுதிய சுகப் பட்டியலில் பூனை இருக்கிறது, மீட்டர் இருக்கிறது. நீங்கள் இல்லை.

அத்தையிடம் போனில் கேட்டேன். உங்கள் நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்து நாலு மாசமாகிறதாம். ஆறவில்லையாம். பேச்சு குழறுகிறதாம், அதனால்தான் போனுக்கு வருவதில்லையாம். பல் டாக்டர் பேராதனை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தும் நீங்கள் போகவில்லையாம். இது நிஜமா?

இங்கே இப்படிப்பட்டவர்களை நான் குளிப்பாட்டுகிறேன். அந்த நோயின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, உங்களுக்கும் தெரியும். புண்ணின் மேல் விஸ்கியை ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னவன் நான் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போங்கள்.

அன்புடன்,
தினேஸ்


குண்டசாலை
02.03.2024

சூப்பைக் கொட்டிய வீரன் தினேசுக்கு மாமாவின் ஆசிகள். சூட்டில் அந்தக் கிழவருக்கு எதுவும் ஆகவில்லையே? இங்கே உன் அத்தை சுகம், கோபமும் சுகம். பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, ஐவரும் சுகம். பலாமரத்தில் இருபத்தேழு பிஞ்சு. மீட்டர் சுகம்.

உன் அத்தை ராஜ ரகசியங்களை அந்நிய நாட்டுக்கு விற்றிருக்கிறாள். அந்தத் துண்டு பத்திரமாக இருக்கிறது. விமர்சனக் கொப்பியில் எந்தப் பக்கம் வரை எழுதியிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது போத்தல், புளூ பைப்பர். நிறம், மகாவலியில் வெள்ளம் வந்த மறுநாள். மணம், நனைந்த கோணிச் சாக்குக்குள் சாம்பிராணி. சுவை, கடுகண்ணாவைக் கணவாயில் பிரேக் இல்லாத லொறி. புள்ளி மூன்று.

மூன்றாவது, கிங்ஸ் பிரிகேட். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. புள்ளி இரண்டு.

மயில்வாகனத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னோடு மீட்டர் வாசித்தவர். ஒரு தெருவில் நூறு வீடு என்றால் நூறு வீட்டிலும் ஒரு கதை சொல்லாமல் மீட்டர் மூடியைத் திறக்கமாட்டார். அவரும் பேராதனைக்குப் போனார். அப்புறம் பென்ஷன் எடுக்கிற நாளில் கண்டேன். சட்டைப்பையில் சின்னக் கொப்பி, பென்சில். நான் ஒரு பகிடி சொன்னேன். அவர் அதில் ‘சிரித்தேன்’ என்று எழுதிக் காட்டினார்.

அதை விடு. பன்னிரண்டு போத்தலை ஒப்புக்கொண்டவன் மூன்றில் ஓடினால் சரித்திரம் மன்னிக்காது. பன்னிரண்டு முடியட்டும், அன்றைக்கே பாரூக்கின் ஆட்டோவில் பேராதனை. இது சத்தியம்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி சுந்தரலிங்கம்


கிளாஸ்கோ
22.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். கிழவரும் சுகம், சூப் ஆறித்தான் இருந்தது. அத்தைக்கும் ஐவருக்கும் என் அன்பு.

உங்கள் கடிதம் வந்து சேர இரண்டரை வாரம் ஆகிறது. என்னுடையதும் அப்படியே. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் ஒன்றரை மாசம் போகிறது. பன்னிரண்டு வரை காத்திருக்க முடியாது மாமா. பக்கத்தின் சட்டத்தை மாற்றிவிட்டேன். இனி ஓர் ஊருக்கு ஆறு விஸ்கிதான். மூன்று முடிந்துவிட்டது. மிச்சம் மூன்றை மோந்து பார்த்தால் போதும். நாக்கில் வைக்க வேண்டாம்.

நானே வந்து உங்களை இழுத்துக்கொண்டு போவேன். விசாக் கடுதாசிகள் உள்துறையில் கிடக்கின்றன. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அம்மா செத்த அன்று ஹேவாஹெட்டவிலிருந்து ஒன்பது வயதுப் பையனைத் தோளில் வைத்துக் கொண்டுவந்த மாமாவுக்கு இந்தச் சாக்கை எழுத வெட்கமாக இருக்கிறது.

தினேஸ்


குண்டசாலை
16.04.2024

மருமகன் தினேசுக்குப் புது வருஷ ஆசிகள். நீ பால்சோறு தின்றாயா? உன் அத்தை சுகம். குட்டிகளில் ஒன்றைப் பாரூக் கொண்டுபோனார், மற்றவை சுகம். பலாமரம், மீட்டர் சுகம்.

ஆறு என்பது கௌரவக் குறைவு. ஒன்பது. இதற்குக் கீழே சக்கரவர்த்தி இறங்கமாட்டார்.

இப்போது எழுந்து நின்று வாசி. நான்காவது போத்தல்: லாக் மகாவலி. பெயரைப் பார்த்துச் சிரிக்காதே, நானும் சிரித்துத்தான் வாங்கினேன். போத்தலைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு மறுநாள் மாலைதான் ஊற்றினேன். உன் அத்தை குசினி வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறம்: கோயில் விளக்குச் சுடருக்குப் பின்னால் தெரியும் தேன்.
மணம்: மழை விட்ட பிறகு மலையில் ஏறும் பனி. அடியில் ஏதோ ஒரு காரம், பெயர் சொல்லமாட்டேன்.
சுவை: எரியவில்லை, மருமகனே. கொஞ்சம்கூட எரியவில்லை. தொண்டைக்குள் யாரோ வெல்வெட்டு விரித்து ‘வாங்க, வாங்க’ என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கொட்லாந்தின் அத்தனை ராஜாக்களும் இதைக் குடித்திருந்தால் ஒரு யுத்தமும் நடந்திருக்காது. இரண்டு கிளாஸ் குடித்தேன். மூன்றாவதும் கேட்டேன்.
புள்ளி: பத்துக்குப் பத்து.

சுந்தரலிங்கம்


குண்டசாலை
29.04.2024

தம்பி தினேசுக்கு அத்தை எழுதிறது. சுகமா இருக்கியா? குளிர் விட்டிருச்சா? நான் எழுதிப் பழக்கமில்லாதவ, பிழை இருந்தா பாக்காத. ரெண்டு ரூம் வீட்டுல போன்ல எது பேசினாலும் அவருக்குக் கேட்டிரும். அதான் கடிதம். பாரூக் தம்பிகிட்ட குடுத்து தபால்ல போடச் சொல்லியிருக்கேன்.

உங்க மாமா உனக்கு எழுதினதை எனக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினாரு. வாய் குழறினாலும் வாசிச்சாரு. நாலாவது போத்தலுக்குப் பத்துக்குப் பத்து.

தம்பி, அதுல இருந்தது விஸ்கி இல்ல. என்னோட தேத்தண்ணி.

அவரு குளிக்கப் போன நேரத்துல போத்தலைக் கவுத்துக் குசினித் தொட்டியில ஊத்திட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை ஆறவச்சு வடிகட்டி ஊத்தினேன். நிறம் ஒத்து வந்திச்சு. மூணு போத்தலும் குடிச்ச நாள்லயெல்லாம் அவரு ராத்திரி துணியைக் கடிச்சுக்கிட்டு படுத்திருந்ததை நான் பாத்தேன். அதான் செஞ்சேன். வாயில வச்சதும் கண்டுபிடிச்சிருவாரு, திட்டுவாரு, அந்தச் சண்டையிலயாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்.

அவரு கண்டுபிடிக்கல. அஞ்சாவது போத்தலும் தேத்தண்ணிதான். அதுக்கும் பத்துப் போட்டு வச்சிருக்காரு.

முப்பத்தோரு வருஷமா தினம் நாலு வேளை என் கையால வாங்கிக் குடிக்கிறாரு. சீனி அரைக் கரண்டி கூடினாலும், “என்ன கஜம், கல்யாண வீடா?”ன்னு கேக்கிற மனுசன். அவருக்கு அது என் தேத்தண்ணின்னு தெரியல. நாக்கு அவ்வளவு தூரம் செத்துப்போச்சு. இதை யார்கிட்ட சொல்லி அழுவேன்? உன்கிட்ட சொல்றேன்.

நீ போதும்னு சொன்னா நிறுத்துவாரு. எழுது. நான் சொன்னதைச் சொல்லிராத.

அத்தை கஜலட்சுமி


கிளாஸ்கோ
15.05.2024

மாமாவுக்கு,

சுகம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பக்கத்தை மூடிவிட்டேன். இனி விமர்சனம் தேவையில்லை. ஆறும் வேண்டாம், ஒன்பதும் வேண்டாம். எழுதி அனுப்பினாலும் நான் திறந்து வாசிக்கமாட்டேன். லாக் மகாவலியை நான் போடவில்லை, போடவும் மாட்டேன்.

கொப்பியிலிருந்து அந்தத் துண்டை எடுங்கள். செவ்வாய்க்கிழமை பேராதனைக்குப் போங்கள். போய் வந்த செய்தி இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

தினேஸ்


பேராதனை, ஏழாம் வார்ட்
07.08.2024

அன்பு தினேசுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாசமாகியும் எழுதவில்லை என்று கோபித்திருப்பாய். நீ சுகமா? இங்கே உன் அத்தை சுகம். பூனைகள் சுகம். பலாமரத்தில் ஏழு காய் பழுத்தது, வார்டில் எல்லோருக்கும் கொடுத்தோம். மீட்டர் சுகம். நான் சுகமில்லை.

உன் கடிதம் வந்ததும் இரண்டு வாரம் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கோபம் இல்லை. ஒளிந்துகொள்ள வேறு இடம் கிடைக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஜூனில் வந்தேன். புண்ணில் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். நாளைக் காலை ஒப்பரேஷன். நாக்கு முழுவதும். கழுத்திலும் கொஞ்சம். ஜனவரியில் வந்திருந்தால் ஓரத்தை மட்டும் எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். திட்டவில்லை. ஒரு வீட்டின் மீட்டர் பழுதென்று நான் அறிவிப்பதுபோலச் சொன்னார். உனக்குத் திகதியைச் சொல்லவேண்டாம் என்று அத்தையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சொன்னால் விசாவை எறிந்துவிட்டு வருவாய். இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு திருத்தம் எழுதவேண்டும். விமர்சகன் என்றால் நாணயம் வேண்டும்.

முதல் மூன்று போத்தலையும் நான் குடிக்கவில்லை. ஒரு மிடறு வைத்தேன். நாக்கில் இஸ்திரிப்பெட்டியை வைத்ததுபோல் இருந்தது. பலாமரத்தடியில் துப்பினேன். நான் எழுதியதெல்லாம் மணத்தை வைத்து அளந்தது. நீ கேட்கும் முன்பே புண் இருந்தது. உன் விஸ்கி எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். உன் மேல் பிழை இல்லை. இதை இரண்டு தரம் வாசி.

நான்காவது போத்தலில் இருந்தது உன் அத்தையின் தேத்தண்ணி. உதட்டில் பட்டவுடனே தெரிந்துவிட்டது. இஞ்சியை அவள் தோலோடு தட்டுவாள். என்னை ஏமாற்ற ஊற்றுகிறபோதுகூடச் சீனியை அரைக் கரண்டிக்கு மேல் விடவில்லை. நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மாலை நிஜ விஸ்கியைக் குடிக்கவேண்டும், இல்லையென்றால் பேராதனை. பயந்தேன், மருமகனே. இந்தப் பயத்தை எந்தப் பெரிய வார்த்தையாலும் மூட முடியவில்லை. அதோடு, அவள் சுடச்சுடத் தரும் தேத்தண்ணிகூட எரிந்தது; என் வாயில் எரியாமல் இறங்கியது அந்த மாசம் ஆறியிருந்த அது ஒன்றுதான். பத்துக்குப் பத்து போட்டது பொய் இல்லை.

இதை உன் அத்தையிடம் சொல்லாதே. சுந்தரலிங்கத்தையே ஏமாற்றிவிட்டேன் என்ற சின்னச் சந்தோஷம் அவளுக்கு இருக்கட்டும். அவளிடம் வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது?

மேஸ் போடு.

உன் மாமா
சுந்தரலிங்கம்


கிளாஸ்கோ
27.08.2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மாமாவின் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஒப்பரேஷன் முடிந்து பதினெட்டு நாள். நேற்று உங்களைக் கூப்பிட்டபோது நீங்கள் அழுதுகொண்டே இருந்தீர்கள், நான் போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

என் போனில் மாமாவின் குரல் ஒன்றுதான் இருக்கிறது. போன தீபாவளிக்கு அனுப்பியது. ஒன்பது செக்கன். “டேய், சோறு தின்னியா, இல்ல வெள்ளைக்காரன் மாதிரி பாணைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டியா?” அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பேசவைத்திருக்கலாம். போதும் என்று எழுதினேன், வாசிக்கமாட்டேன் என்று எழுதினேன். அவர் நாக்கு இருந்தபோது என்னிடமிருந்து அவருக்குப் போன கடைசிக் கடிதம் அது.

அத்தை, உங்களிடம் ஒன்றைச் சொல்லக்கூடாது என்று மாமா எழுதியிருக்கிறார். நான் அதை மீறுகிறேன்.

அவருக்குத் தெரியும். உதட்டில் பட்டவுடனே தெரிந்ததாம். இஞ்சியைத் தோலோடு தட்டுவீர்களாம். ஏமாற்றும்போதுகூடச் சீனியைக் கூட்டிப் போடவில்லையாம். அந்த மாசம் அவர் வாயில் எரியாமல் இறங்கியது அது ஒன்றுதானாம். பத்துக்குப் பத்து போட்டது லாக் மகாவலிக்கு இல்லை, உங்களுக்கு.

நாக்கு செத்துப்போனதால் அவருக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது அன்றைக்கு உயிரோடுதான் இருந்தது, அத்தை.

தினேஸ்


பேராதனை, ஏழாம் வார்ட்
19.09.2024

துரோகி தினேசுக்கு,

சுகமா? அத்தை சுகம். பூனைகள் சுகம் என்று பாரூக் சொல்கிறார். பலாமரத்தில் இலைதான் இருக்கிறது. மீட்டர் ஓடுகிறது. நான் இருக்கிறேன். கழுத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதாம், அதற்கு அடுத்த மாசம் கரண்ட் பிடிப்பார்களாம், கதிர்வீச்சைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். பிடித்தாலும் எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பாரூக் எனக்கு ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் வாங்கிவந்தார். சட்டைப்பைக்குள் சரியாக அடங்குகிறது.

நேற்று உன் அத்தை உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் வந்து நின்றாள்.  நான் கொப்பியைத் திறந்தேன். அவள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். நர்ஸம்மாவிடம் கேட்டு, ஆறவைத்து, என் மூக்கில் போட்டிருக்கும் குழாயில் சிறிஞ்சால் ஏற்றினாள். மெதுவாக ஏற்றினாள்.  முழுவதும் ஏற்றி முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏப்ரலில் குசினி வாசலில் நின்று பார்த்ததுபோல.

நீ பக்கத்தை மூடிவிட்டாய் என்று தெரியும். இருந்தாலும் ஒப்புக்கொண்டதை முடிக்காமல் விடக்கூடாது.

ஆறாவது: பெயர் இல்லை.
நிறம்: சிறிஞ்சுக்குள் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சிவப்பு.
மணம்: மூச்சு இப்போது கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போகிறது. மூக்குக்கு வேலை இல்லை.
சுவை:
புள்ளி: ஏப்ரலில் போட்டதே.

மாமா